அக்கா மகன் நீர்மூழ்கிக்குப் போகணுமாம்: ஆறு மாதத்தில் எதைத் தயார் செய்வது?

லயத்து_மாமா (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். வயது 19. எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் மலாய், சரித்திரம் ரெண்டும் பாஸ், கணக்கு சுமார். ஐஎல்பி தொழிற்பயிற்சிக் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் படிப்பு அடுத்த மாதம் முடிகிறது. கடற்படைக்குத்தான் போவேன், அதிலும் நீர்மூழ்கிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

தெரிய வேண்டியது இதுதான். நீர்மூழ்கிக்கு நேராக மனு போட முடியுமா, இல்லை முதலில் கடற்படையில் சேர்ந்துவிட்டுப் பிறகுதானா? கையில் ஆறு மாதம் இருக்கிறது, அதில் எதைத் தயார் செய்யணும்? இப்போதைக்கு அவன் செய்கிற தயாரிப்பு, சாயங்காலமானால் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய ஈயலம்பக் குட்டைக்கு (ஈயம் தோண்டிய பள்ளம்) போய் தண்ணிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்வது. 1 நிமிடம் 40 விநாடி வரைக்கும் வந்துவிட்டதாம். இது உதவுமா?

இன்னொரு சிக்கல். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு எழுத்து வேறு மாதிரி இருக்கிறது, ஐசியில் (அடையாள அட்டை) வேறு மாதிரி. அக்கா வேறு, இந்தோனேசிய நீர்மூழ்கி மூழ்கிய செய்தி நினைவுக்கு வந்தால் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார். அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

---

எட்டாம்_கட்டை:

மூச்சு அடக்குவது நல்ல பழக்கம் மாமா, விடாமல் செய்யட்டும். ரெண்டரை நிமிடம் வந்தால் அங்கே போய்த் திணற மாட்டான். கூடவே தண்டால், ஓட்டம். உடம்பு இருந்தால் மற்றது தானாக வரும்.

---

செவிப்பறை:

மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். இதை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ரெண்டு காரணம்.

ஒன்று, குட்டை. ஈயலம்பக் குட்டைக்குக் கரைச் சரிவு கிடையாது. ரெண்டு அடி எடுத்து வைத்தால் செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு, மேலே ஒரு முழத்துக்குக் கீழே கண் தெரியாது. மூச்சு அடக்குகிறவனுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் மயக்கம் வரும். 'மூச்சு விடு' என்று உடம்பை உந்துவது உயிர்வளி குறைவது அல்ல, கரியமில வாயு கூடுவது. முங்குவதற்கு முன்னால் வேக வேகமாக மூச்சு இழுத்து விட்டால் கரியமில வாயு முன்கூட்டியே குறைந்துவிடும். உந்தல் வருவதற்குள் உயிர்வளி தீர்ந்துவிடும். வலி இருக்காது, போராட்டம் இருக்காது, அப்படியே அடங்கிவிடுவான். கரையில் நிற்கிற நண்பனுக்கு அவன் 'நல்லாப் பண்றான்' என்றுதான் தோன்றும்.

ரெண்டாவது, நீர்மூழ்கிக்கு இந்தப் பழக்கமே தலைகீழ். அங்கே ஆட்கள் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறார்கள். தண்ணீரைத் தொடுகிற ஒரே சந்தர்ப்பம் தப்பித்து மேலே வருவது, அதில் மூச்சை அடக்கினால் சாவு. கணக்கைப் பாருங்கள். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த ஒரு நெஞ்சளவு காற்று மேலே வரும்போது ரெண்டு நெஞ்சளவு ஆகும். 30 மீட்டரிலிருந்து என்றால் நாலு. வாயை மூடிக்கொண்டால் அந்தக் காற்று போக இடமில்லாமல் நுரையீரலைக் கிழித்துக்கொண்டு ரத்தக் குழாய்க்குள் நுழையும், அங்கிருந்து மூளைக்கு. இதற்கு ஆழமே தேவையில்லை. முழு மூச்சோடு ஒன்றரை மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழிந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகி இருக்கின்றன.

ஆகவே தம்பி பழக வேண்டியது ஒழுங்காக நீந்துவதும், நீரில் மூச்சைச் சீராக வெளியே விடுவதும். ஈப்போவில் கண்காணிப்பாளர் இருக்கிற நீச்சல் குளத்துக்கு வாரம் ரெண்டு நாள் பஸ்ஸில் போனால் போதும். முகத்தை நீரில் வைத்து, மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே நிதானமாக நீந்தட்டும். நிற்காமல் 200 மீட்டர், 10 நிமிடம் கால் தரையில் படாமல் மிதப்பது. இது வந்தால் கடற்படைப் பயிற்சிக்கே பாதி பயம் போய்விடும்.

---

எட்டாம்_கட்டை:

மன்னிக்கணும், நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம். முக்குளிப்பவர் வேலையோடு குழப்பிக்கொண்டேன்.

---

கரைக்காற்று:

சேர்க்கை விஷயத்துக்கு வருகிறேன்.

நேராக நீர்மூழ்கிக்கு மனு கிடையாது. முதலில் டிஎல்டிஎம்மில் (மலேசியக் கடற்படை) பெராஜூரிட் மூடாவாக, அதாவது பயிற்சி வீரராகச் சேரணும். அடிப்படைப் பயிற்சி ஜொகூர், தஞ்சோங் பெங்கெலியில் உள்ள கேடி சுல்தான் இஸ்மாயில் பயிற்சித் தளத்தில். அதை முடித்த பிறகு தொழில் பிரிவு: இயந்திரம், மின்சாரம், ஆயுத மின்னணு, தகவல் தொடர்பு, தளவாடம் என்று பிரிப்பார்கள். தொழிற்பயிற்சிக்கு உங்கள் பேராக்கில் இருக்கிற லூமுட்தான் பெரிய இடம். அதன் பிறகுதான் நீர்மூழ்கி. விருப்பம் எழுதிக் கொடுத்து, தனி மருத்துவச் சோதனை, மனநிலைச் சோதனை எல்லாம் தாண்டி, செபாங்காரில் உள்ள நீர்மூழ்கித் தளத்துக்குப் போகணும். அது சபா, கோத்தா கினாபாலு பக்கம். அம்மாவுக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள். பையன் வீட்டுக்கு வர விமானம் ஏறணும், தீபாவளிக்கு லீவு கிடைக்காத வருடங்களும் இருக்கும்.

நம்மிடம் இருப்பது ரெண்டு நீர்மூழ்கிதான்: கேடி துங்கு அப்துல் ரஹ்மான், கேடி துன் ரசாக். 2002இல் ஒப்பந்தம், முதலாவது 2009இல் வந்தது, ரெண்டாவது 2010இல். ஒவ்வொன்றிலும் ஆட்கள் 31 பேர் அளவுதான். மொத்த இடமே அவ்வளவு என்பதால், 'நீர்மூழ்கி கிடைக்காவிட்டால் கடற்படையே வேண்டாம்' என்கிற மனசோடு சேரக்கூடாது. நீர்மேல் ஓடும் கப்பலில் மின்சார வேலை செய்தாலும் சரி என்கிற மனசு இருந்தால் சேரட்டும். எலெக்ட்ரிக்கல் படித்தது அவனுக்குப் பெரிய பலம். நீர்மூழ்கி என்பதே ஒரு பெரிய பேட்டரிக்கு மேல் கட்டிய வீடு மாதிரிதான்.

இப்போது பெயர். இதுதான் நம் ஆட்கள் அதிகமாக மாட்டுகிற இடம். எஸ்டேட் காலத்தில் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிவைத்த எழுத்து இன்றைக்கு வரைக்கும் ஓடுகிறது. மனுவில் ஒரு எழுத்து, சான்றிதழில் ஒரு எழுத்து என்றால் கணினி அதை வேறு ஆளாகவே பார்க்கும். தேர்வு நாளில் அசலைச் சரிபார்க்கும் மேசையிலேயே ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள். எனவே ஆள்சேர்ப்பு விளம்பரம் வருவதற்கு முன்னால், இந்த வாரமே ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) போங்கள். பையனின் பிறப்புப் பத்திரம், ஐசி, அப்பாவின் ஐசி, அப்பாவின் பிறப்புப் பத்திரம், அம்மா அப்பா திருமணப் பதிவு எல்லாவற்றின் அசலும் நகலும் எடுத்துப் போங்கள். எது மூலப் பதிவு என்று அவர்கள் முடிவு செய்வார்கள், அதற்கேற்ப மற்றதைத் திருத்தணும். பிறப்புப் பத்திரத்தைத் திருத்தினால் பிறகு எஸ்பிஎம் சான்றிதழில் இருக்கும் பெயரும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கோணலாகிவிடும், அதற்குத்தான் ஆறு மாதம் வேண்டும்.

ஐசி நீல நிறம்தானே? சிவப்பு ஐசி என்றால் அது முதலில் தீர வேண்டிய வேறு கதை, குடியுரிமை இல்லாமல் படையில் சேர முடியாது. கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. பள்ளி விடுப்புச் சான்றிதழ், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள், ஐஎல்பி சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். சாரணர், கடற்படைக் கேடட், சிலம்பம், கால்பந்து, எது இருந்தாலும் அதற்குத் தாள் இருக்கணும். நேர்முகத்தில் வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

உயரம், எடை, பிஎம்ஐ வரம்பு எல்லாம் அந்தந்த விளம்பரத்தில் போட்டிருக்கும், அதையே வேதமாக எடுத்துக்கொள்ளுங்கள், போன வருடத்து நண்பன் சொன்னதை அல்ல. உயரம் வெறுங்காலில் அளப்பார்கள். பிஎம்ஐ வீட்டிலேயே போடலாம்: எடையை உயரத்தால் ரெண்டு தடவை வகுக்கணும், உயரம் மீட்டரில். 75 கிலோ, 1.70 மீட்டர் என்றால் 75ஐ 2.89ஆல் வகுத்து ஏறக்குறைய 26. ஓட்டம் 2.4 கிலோமீட்டர். 400 மீட்டர் பாதையில் ஆறு சுற்று. பள்ளித் திடல் அளவு தெரியாவிட்டால் மோட்டார் சைக்கிளில் எஸ்டேட் செம்மண் ரோட்டை அளந்து ரெண்டு முனையிலும் செம்பனை மரத்தில் சாயம் அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டத்தைத் தேர்வுக்கு முதல் நாள் வரை போட்டு இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டாம், கடைசி மூன்று நாள் ஓய்வு.

மனுவுக்குக் காசு கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கு, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடு' என்று யாராவது பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) காதைக் கடித்தால் அவனிடம் ஒரு டீயைக் கூட வாங்கிக் குடிக்க வேண்டாம்.

---

லயத்து_மாமா:

கரைக்காற்று அண்ணே, ரொம்ப நன்றி. ஐசி நீலம்தான். ஜேபிஎன்னுக்குத் திங்கள் கிழமை போகிறோம். செவிப்பறை ஐயா, குட்டைக்குப் போவதை நிறுத்தியாச்சு, அக்காவே செருப்பை எடுத்துக்கொண்டு போனார். மருத்துவச் சோதனையில் நீர்மூழ்கிக்கு மட்டும் தனியாக என்ன பார்ப்பார்கள்? அவனுக்குச் சின்ன வயதில் காது ஒழுகும்.

---

செவிப்பறை:

காது ஒழுகினதை மறைக்காமல் இப்போதே பார்த்துவிடுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்) ஒரு வெள்ளி கட்டிப் பார்த்து, காது மூக்கு தொண்டை மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீர்மூழ்கி மட்டுமல்ல, கடற்படையே சிரமம். ஓட்டை தானாக மூடி, தழும்பு மட்டும் இருந்தால் அது வேறு கணக்கு, மருத்துவர் பார்த்துச் சொல்லணும்.

காதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், நீர்மூழ்கிக்குள் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். தப்பிக்கும் பயிற்சியில் மட்டும் அல்ல, அன்றாடம் (இதைப் பேட்டரி அறை அண்ணன் நன்றாகச் சொல்வார்). நடுக்காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அழுத்தம் கூடும்போது அதைத் திறந்து காற்றை உள்ளே அனுப்பணும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுவது ஒரு வழி, மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது இன்னொரு வழி. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

எங்கே தவறுகிறார்கள் என்றால், வலி வந்த பிறகு ஊதுகிறார்கள். வெளி அழுத்தம் உள்ளே இருப்பதைவிட ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம் கூடிவிட்டால் குழாயின் வாய் ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். தண்ணீரில் சொன்னால் அது ஒன்றேகால் மீட்டர்தான். பூட்டிய பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது. பலமாக ஊதினால் உள்காதின் சவ்வு கிழிந்து, நிரந்தரமாக இரைச்சலும் தலைசுற்றலும்தான் மிஞ்சும். அழுத்த அறையில் சோதிக்கும்போது வலிப்பதற்கு முன்பே, முதல் மூன்று நாலு மீட்டருக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஊதணும். திறக்கவில்லை என்றால் கையைத் தூக்கணும். கொஞ்சம் அழுத்தம் இறக்கி மறுபடி முயல்வார்கள், அது தோல்வி அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறவன்தான் ரத்தம் கசிந்து வெளியே வருவான்.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. சளி இருக்கும்போது ஊதிப் பார்க்கவே வேண்டாம். பஞ்சுக் குச்சியால் காதைக் குடைய வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளி அடைத்துவிடும், மருத்துவர் செவிப்பறையைப் பார்க்க முடியாது. எண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், ஓட்டை இருந்தால் அது நேராக உள்ளே போகும்.

அடுத்தது பல். ஆச்சரியமாக இருக்கும், சரியாக அடைக்காத பல்லுக்குக் கீழே ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் அழுத்தம் மாறும்போது உயிர் போகிற வலி எடுக்கும். கடலுக்கு நடுவில், நீருக்கு அடியில், பல் பிடுங்க ஆள் இல்லை. சொத்தை எல்லாம் அடைத்து, பாதி முளைத்து மாட்டிக்கொண்டிருக்கிற கடைவாய்ப் பல் இருந்தால் இப்போதே எடுத்துவிடணும். எடுத்த குழி ஆற வாரக்கணக்கு ஆகும், ஆகவே கடைசி மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

மற்றபடி ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிய வரலாறு, இவை நீர்மூழ்கிக்குக் கதவை மூடிவிடும். நிறக்குருடு சோதனையில் புள்ளிப் படத்துக்குள் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள், அதைப் பயிற்சி செய்து ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாது. அங்கே சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்பது வால்வு திறந்ததா மூடியதா என்கிற கேள்வி. வேப் பிடிப்பானேயானால் இன்றே விடட்டும். மூடிய காற்றுக்குள் வாழ வேண்டியவனுக்குப் புகையின் மேல் ஆசை இருந்தால் முதல் வாரமே நரகம்.

அடைந்த இடத்தில் பயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மலாக்கா, கிளேபாங்கில் நீர்மூழ்கி அருங்காட்சியகம். அங்கே தரையில் நிற்பது 'ஊசான்' என்கிற பிரெஞ்சு நீர்மூழ்கி. நம் ஆட்கள் பிரான்சில் முதன்முதலாகப் பயிற்சி பெற்றது அதில்தான். உள்ளே போய், படுக்கை அடுக்கின் நடு அடுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். முகத்துக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே எத்தனை சாண் இருக்கிறது என்று அளக்கட்டும். உள்ளங்கை வியர்க்கிறதா என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

---

பேட்டரி_அறை:

தாமதமாக வருகிறேன். தம்பி எலெக்ட்ரிக்கல் என்றதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய ஸ்கார்ப்பீன் வகை அணுசக்தி இல்லை, டீசல் மின்சாரம். 67.5 மீட்டர் நீளம். நீருக்குள் ஓடுவது பேட்டரியில். பேட்டரி தீரத் தீர மேலே பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து, ஸ்நார்க்கெல் குழாயை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி, காற்றை இழுத்து, டீசலை ஓட்டி மறுபடி ஏற்றணும். அந்தக் குழாயின் தலையில் ஒரு வால்வு. அலை மூடினால் வால்வும் மூடிக்கொள்ளும். ஆனால் டீசல் நிற்காது, காற்று வேண்டும், ஆகவே ஆட்கள் இருக்கிற அறைக் காற்றையே உறிஞ்சும். உள் அழுத்தம் சட்டென்று இறங்கும். அலை விலகியதும் மறுபடி ஏறும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் மணிக்கணக்கில் காது இப்படி மூடித் திறந்துகொண்டே இருக்கும், தூங்குகிறவனுக்கும். அழுத்தம் ரொம்ப இறங்கினால் எஞ்சின் தானாக நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். செவிப்பறை அண்ணன் காதைப் பற்றி இவ்வளவு சொன்னதன் காரணம் இதுதான்.

ஈய அமிலப் பேட்டரி ஏறும்போது, முக்கியமாக முடியப்போகும் கட்டத்தில், ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தால் ஒரு பொறி போதும். அதனால் காற்றோட்ட விசிறி ஓடுகிறதா, அளவுமானி என்ன காட்டுகிறது என்று பார்ப்பது சடங்கு இல்லை. கடல்நீர் பேட்டரிக்குள் போனால் இரண்டு ஆபத்து: உப்பிலிருந்து குளோரின் வாயு, மின்கசிவால் தீ. 2017இல் அர்ஜென்டினாவின் நீர்மூழ்கி சான் ஹுவான் 44 பேரோடு போனதற்கு முன்னால் அதிலிருந்து வந்த தகவலே, காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து பேட்டரியில் கோளாறு என்பதுதான். வீட்டு ஒயரிங்கில் இன்சுலேஷன் அளவு குறைந்திருந்தால் 'பரவாயில்லை, பிரேக்கர் விழும்' என்று விடுகிற பழக்கம் தம்பிக்கு இருந்தால் இப்போதே ஒழிக்கட்டும். ஐஎல்பியில் மெகர் கருவி (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்திருக்கும். ஈரப்பதம் கூடினால் அளவு எப்படி இறங்குகிறது என்று ஒரு மழைநாளிலும் வெயில்நாளிலும் ஒரே மோட்டாரை அளந்து எழுதி வைக்கட்டும். புத்தகத்தில் படிப்பதைவிட அது மண்டையில் நிற்கும்.

அடுத்து 'எடை'. நீர்மூழ்கி எடையும் அது தள்ளும் தண்ணீரின் எடையும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் ஒரே ஆழத்தில் நிற்கும். 1,700 டன் என்று கணக்குக்கு வையுங்கள். ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் போகும்போது கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,025 கிலோவிலிருந்து 1,022 ஆனால், படகு (நீர்மூழ்கியை அப்படித்தான் சொல்வோம்) ஒன்றுமே ஏற்றாமலே 5 டன் கனத்ததுபோல் ஆகிவிடும். மூழ்கத் தொடங்கும். அந்த 5 டன் தண்ணீரைப் பம்பு செய்து வெளியே தள்ளணும். சமையல்காரர் அரிசி மூட்டையை முன்னாலிருந்து பின்னால் நகர்த்தினாலும் கணக்கில் வரும். எண்ணெய் எரிந்த இடத்தில் கடல்நீரை நிரப்பும் அமைப்பு உள்ள படகில், டீசல் செலவாகச் செலவாக எடை குறையாது, கூடும், ஏனென்றால் டீசலைவிடக் கடல்நீர் கனம். கணக்கு சுமார் என்றீர்கள், விகிதமும் சராசரியும் மட்டும் மனக்கணக்காக வரும்படி செய்யுங்கள், அது போதும்.

காற்றும் அப்படியே. ஓர் ஆள் சும்மா இருந்தாலே மணிக்கு 20 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு விடுவான். 31 பேர் என்றால் 620 லிட்டர். உள்ளே 500 கன மீட்டர் காற்று என்று ஒரு கணக்குக்கு வைத்தால், உறிஞ்சும் கருவி நின்றுவிட்டால் எட்டு மணி நேரத்தில் 1 விழுக்காடு, ஒரு நாளில் 3. மூன்றில் தலைவலி, மூச்சு வேகம், அதற்கு மேலே புத்தி தடுமாறும். அதனால்தான் ஆபத்தில் முதல் உத்தரவு 'வேலை இல்லாதவன் படு' என்பது. பதறி ஓடுகிறவன் மற்றவர் பங்குக் காற்றையும் தின்கிறான்.

பயிற்சியில் ஆளை வடிகட்டுவது எது என்று கேட்டால், உடம்பு அல்ல. நோட்டுப் புத்தகம். தொழில் எதுவாக இருந்தாலும், சமையல்காரர் உட்பட, படகின் எல்லா அமைப்பையும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்கணும்: உயரழுத்தக் காற்று, ஹைட்ராலிக், கழிவுநீர் இறைப்பு, மின்சாரம், மூழ்கவும் எழவும் நீர் நிரப்பி இறைக்கும் பல்லாஸ்ட் தொட்டி, தீயணைப்பு, அவசரக் காற்று. ஒவ்வொரு அமைப்பாகப் படித்து, மூத்தவரிடம் போய்ச் சொல்லிக் காட்டிக் கையெழுத்து வாங்கணும்.

அது எப்படி நடக்கும் என்றால், ஒரு குழாய் கப்பலின் உடலைத் துளைத்து உள்ளே வருகிற இடத்தில் தொடங்கணும். அங்கே கை வைத்து, முதல் வால்வு, அதன் கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றினால் மூடும், அது விறைத்துக்கொண்டால் பக்கத்தில் மாற்று எது, அடுத்து குழாய் தரைத் தட்டுக்குக் கீழே போகிறதா, எந்தப் பம்புக்குப் போகிறது, அந்தப் பம்புக்கு மின்சாரம் எந்தப் பலகையிலிருந்து, அந்தப் பலகை செத்தால் என்ன. குந்தி, தவழ்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போய், நோட்டில் கோடு போட்டு வரணும். பிறகு மூத்தவர் கண்ணைக் கட்டிவிட்டு 'போய் அதை மூடு' என்பார். தீப்பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் புகை அறையை நிரப்பிவிடும், கைதான் கண். முகமூடியைக் காற்றுக் குழாயில் செருகி மூச்சு இழுத்து, கழற்றி, மூச்சை வைத்துக்கொண்டு நாலு எட்டு நகர்ந்து, அடுத்த இணைப்பைத் தடவிச் செருகணும். மூச்சு அடக்குவது உதவுகிற ஒரே இடம் அதுதான் எட்டாம் கட்டை தம்பி, அதற்குப் பத்து விநாடி போதும்.

எல்லாக் கையெழுத்தும் முடிந்து, கடலில் வாய்மொழித் தேர்வும் தாண்டினால்தான் மார்பில் நீர்மூழ்கி வீரருக்கான டால்ஃபின் சின்னம். அதுவரைக்கும் அவன் மற்றவர் காற்றைச் செலவழிக்கிற விருந்தாளி.

வீட்டிலேயே இதைப் பழகலாம். எஸ்டேட் தண்ணீர்த் தொட்டியிலிருந்து உங்கள் லயத்து வீட்டுக் குழாய் வரை எத்தனை வால்வு, எது எதை மூடும் என்று நடந்து போய் வரையட்டும். வீட்டு மின்பெட்டியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் வயர் எப்படிப் போகிறது என்று வரையட்டும். வரைந்ததை ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் மறுபடி வரையட்டும். ரெண்டாவது படம் சரியாக வந்தால் இந்த வேலைக்கு ஆள் தயார்.

---

லயத்து_மாமா:

அண்ணே, இதைப் படித்துக் காட்டினேன், உடனே நோட்டு எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டான். அக்காவுக்கு மட்டும் இன்னும் பயம். தப்பிக்க வழி இருக்கா, போனிலாவது பேச முடியுமா என்கிறார்.

---

பேட்டரி_அறை:

போன் கிடையாது. கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். விஎல்எஃப் என்கிற தாழ்ந்த அலைவரிசைகூட சில பத்து மீட்டர்தான் இறங்கும், அதுவும் கரையிலிருந்து படகுக்குச் சேதி அனுப்பத்தான், படகிலிருந்து பதில் பேச அல்ல. வாட்ஸாப்பில் ஒற்றை டிக் பல நாள் நிற்கும், அது கெட்ட செய்தி இல்லை என்று அவருக்கு முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

தப்பிக்கும் வழி பற்றி மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். ஆழம் குறைவு என்றால் வழி உண்டு. தப்பிக்கும் உடை 180 மீட்டர் வரைக்கும் என்று வடிவமைத்தது. ஆள் குறுகிய கோபுரத்துக்குள் ஏறி, கீழ்க்கதவு மூடி, உடையின் காற்றுக் குழாயைச் சுவரில் செருகுவான். தண்ணீர் நிரம்பும். பிறகு அழுத்தம் வெளிக்கடலுக்குச் சமமாகும்வரை, 180 மீட்டரில் 20 விநாடி அளவில், ஏறும். மேல்கதவு திறக்கும், உடை அவனைத் தூக்கிக்கொண்டு விநாடிக்கு ரெண்டு மூன்று மீட்டர் வேகத்தில் மேலே கொண்டுபோகும். தலைமூடிக்குள் காற்று இருப்பதால் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே வரணும், அடக்கக்கூடாது. இன்னொரு வழி, மீட்புக் கப்பல் வரும்வரை உள்ளே காத்திருப்பது. நம்மிடம் எம்வி மெகா பக்தி என்ற மீட்புக் கப்பல் இருக்கிறது. 2021 ஏப்ரலில் பாலிக்கு வடக்கே அந்த இந்தோனேசிய நீர்மூழ்கி நங்காலா காணாமல் போனபோது அதைத்தான் உதவிக்கு அனுப்பினார்கள். நங்காலா கிடந்தது 800 மீட்டருக்கும் கீழே, எந்த மீட்பும் எட்டாத ஆழம், 53 பேர். அக்காவிடம் 'ஆபத்தே இல்லை' என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டார். ரஷ்ய நீர்மூழ்கி கூர்ஸ்க் 2000இல் வெடித்தபோது பின் அறையில் 23 பேர் உயிரோடுதான் இருந்தார்கள். உயிர்வளி தரும் வேதிப் பொருள் எண்ணெய் மிதந்த தண்ணீரில் பட்டுத் தீப்பிடித்ததில் முடிந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தரைத் தட்டுக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய் நிற்கக்கூடாது என்பது. பையன் துடைக்கிற துணியை மதிக்கிறவனா என்று மட்டும் அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

செவிப்பறை:

ஒன்று விட்டுப்போனது. தம்பி சனி ஞாயிறில் எஸ்டேட்டில் புல்வெட்டும் மெஷின் தோளில் மாட்டுகிறானா? அப்படியென்றால் காதடைப்பான் இல்லாமல் வேண்டாம். அந்தச் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேட்கும் திறனை. பேச்சு கேட்பதில் வித்தியாசம் தெரியாது, செவித்திறன் சோதனை வரைபடத்தில் பள்ளமாகத் தெரியும். ஒலியை வைத்துக் கடலுக்குள் அறியும் சோனார் பக்கம் போக நினைத்தால் அது அங்கேயே முடிந்தது. சோதனைக்கு முன்னால் குறைந்தது 14 மணி நேரம் மெஷின், மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் சத்தம், காதில் செருகும் பாட்டு எதுவும் வேண்டாம், தற்காலிகமாக மங்கிய காதும் வரைபடத்தில் குறைவாகவே விழும். காலைச் சோதனை என்றால் முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே நிறுத்தணும், கோயில் திருவிழாவில் உறுமிக்குப் பக்கத்தில் நிற்பதும் இதில் சேர்த்தி.

---

லயத்து_மாமா:

சனிக்கிழமை மெஷின் உண்டு ஐயா, காதில் துணிதான் செருகுவான். நாளைக்கே கடையில் காதடைப்பான் வாங்கித் தருகிறேன். ஜேபிஎன்னில் என்ன சொன்னார்கள் என்று திங்கள் இரவு எழுதுகிறேன்.